யாருமே எழுப்பாத சுவர்

மணற்கோட்டை மன்னர் வீரகேதருக்குக் கோபம் சட்டென்று வரும். அதை யார்மேல் காட்டுவது என்பதுதான் அவருக்குப் பிடிபடாது. அப்போதெல்லாம் அவர் கண் விடங்கனைத் தேடும். அவையில் விடங்கனுக்கு இன்ன வேலை என்று கிடையாது. மன்னர் சிக்கிக்கொண்டால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கோடையில் மோர் விற்கிற செல்லக்கிளி அவைக்கு வந்து முறையிட்டாள். கீழத்தெருவுக்கு இருந்ததே ஒரு கிணறு. அதையும் வளைத்து ஆளுயரச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கிணறு இப்போது தளவாய் சொக்கேந்திரரின் குதிரை லாயத்துக்குள் இருக்கிறது. தெருப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஆறு வரை நடக்கிறார்கள். தளவாய் என்றால் படைக்குத் தலைவர் மட்டுமல்ல, மகாராணியின் தம்பியும்கூட.

மன்னர் கொதித்துப்போனார். சுவரை எழுப்பியது யார் என்று விசாரணை தொடங்கியது. கொத்தன் மூக்கையன், நூல் கட்டிய இடத்தில் கல் வைத்தேன் என்றான். நூல் கட்டியவன், ஓலையில் இருந்த அளவுக்குக் கட்டினேன் என்றான். ஓலை எழுதியவர், தளவாய் வீட்டு ஆள் சொன்னதை எழுதினேன் என்றார். முத்திரை அதிகாரி, வருகிற ஓலைக்கெல்லாம் முத்திரை வைப்பதுதானே என் வேலை என்றார். தளவாயோ, "குதிரைகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன் மாமா. கட்டு என்று யாரிடமும் சொல்லவில்லையே" என்று கையை விரித்தார்.

மன்னருக்குத் தலை சுற்றியது. "எனக்கு ஒரே ஒரு குற்றவாளி வேண்டும், விடங்கா. நாளை உச்சிப்பொழுதுக்குள் காட்டு. இல்லாவிட்டால் கல் வைத்த கை கொத்தனுடையது. அவனை நாடு கடத்துவேன்."

மூக்கையன் விடங்கனைப் பார்த்துக் கைகூப்பினான். அவன் மனைவி நிறைமாதக்காரி என்பது விடங்கனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தும் விடங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. தளவாயைக் கைகாட்டலாம். ஆனால் அவர் கட்டச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. சாப்பிடாத இலையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் அரண்மனைச் சமையற்கட்டுப் பக்கம் போனான். தலைமைச் சமையல்காரரிடம், "இன்றைக்கு மகாராஜாவுக்கு விரதமாமே" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வெளியே வந்து சன்னலோரம் ஒதுங்கினான்.

அது போதுமானதாக இருந்தது. சமையல்காரர் அடுப்பு மூட்டவில்லை. அடுப்பு எரியாததைப் பார்த்துப் பால்காரன் செம்போடு திரும்பிப் போனான். இலை அறுக்கிறவன் தோட்டத்துக்கே போகவில்லை. ராஜகுருவின் காதுக்கு விஷயம் போனது. அவர் இந்த விரதத்தால் வரும் பலன்களை மன்னருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். குரு குறித்துக் கொடுத்த விரதம் போலிருக்கிறது என்று நினைத்து மன்னரும் வாயைத் திறக்கவில்லை.

உச்சிப்பொழுது வந்தது. அவை கூடியது. மன்னரின் வயிறு போட்ட சத்தம் முன்வரிசை வரை கேட்டது. பொறுக்க முடியாமல் குருவின் பக்கம் குனிந்து, இது என்ன விரதம் என்று மெல்லக் கேட்டார். குரு திருதிருவென்று விழித்தார். மகாராஜாவே சங்கல்பம் செய்துகொண்டதாக அல்லவா நினைத்தேன் என்றார்.

மன்னர் எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பட்டினி போட்டவன் யார் என்று அவர் போட்ட சத்தத்தில் சமையற்கட்டு மொத்தமும் அவைக்கு ஓடி வந்தது. அடுப்பு மூட்டவில்லை, அவ்வளவுதான் என்றார் சமையல்காரர். செம்பைத் திருப்பிக் கொண்டுபோனேன், அவ்வளவுதான் என்றான் பால்காரன். இலைக்காரனும் அதையே சொன்னான். நேற்றுக் கேட்ட அதே பாட்டு.

விடங்கன் முன்னால் வந்து கும்பிட்டான். "மகாராஜா, விரதம் என்று சொன்னது நான். ஆனால் ஒரு வார்த்தையால் ஒரு மன்னரைப் பட்டினி போட முடியுமா? யார் சொன்னது, ஏன் என்று கேட்காமல் இத்தனை பேரும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். தாங்களும் கொடுத்தீர்கள். இதில் ஒரே ஒரு குற்றவாளியை எப்படிப் பொறுக்கி எடுப்பேன்?"

மன்னரின் முகம் மெல்ல மாறியது. போன மாதம் லாயத்தைப் பார்க்கப் போனபோது, சுவர் அழகாயிருக்கிறது என்று தானும் பாராட்டியது அவருக்கு நினைவு வந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

"ஒருவர்கூடக் கேட்கவில்லையா?" என்றார்.

"ஒருத்தி கேட்டாள் மகாராஜா. பாத்திரம் தேய்க்கிற மருக்கொழுந்து. யார் சொன்னது, எதற்கு விரதம் என்று இரண்டு தடவை கேட்டாள். சன்னலுக்கு வெளியே நின்ற என் காதிலேயே விழுந்தது. இன்னொருவர் அவளோடு சேர்ந்து கேட்டிருந்தால் என் வேலை அங்கேயே கெட்டிருக்கும். நல்லவேளை, உனக்கெதற்கு வம்பு என்று எல்லோருமாக அவள் வாயை அடைத்துவிட்டார்கள்."

மன்னர் உடனே மூக்கையனை விடுவித்தார். சுவரை இடிக்கச் சொன்னார். இடித்து முடியும் வரை தளவாய் முதல் நூல் கட்டியவன் வரை எல்லோரும் கீழத்தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்றார். மருக்கொழுந்தை வரவழைத்து அரசு முத்திரையை அவள் கையில் கொடுத்தார். எந்த ஓலை வந்தாலும் யார் சொன்னது, ஏன் என்று கேட்ட பிறகுதான் முத்திரை வைக்க வேண்டும், நானே அனுப்பினாலும் சரி என்றார். அப்புறம் விடங்கனுக்கு ஒரு பால்மாடும் பட்டுச் சால்வையும் பரிசு என்று ஓலை எழுதச் சொன்னார்.

ஓலை மருக்கொழுந்திடம் போனது. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதை யார் சொன்னது?"

"நான்தான் அம்மா" என்றார் மன்னர்.

"மகாராஜாவைப் பட்டினி போட்டவருக்கு ஏன் பரிசு?"

மன்னர் பசியோடு உட்கார்ந்து காரணத்தைச் சொல்லி முடித்தார். அவள் தலையாட்டினாள். ஆனால் முத்திரை வைக்கவில்லை.

"முதலில் கிணறு திறக்கட்டும் மகாராஜா. இவர் மாடு எங்கே ஓடிவிடப் போகிறது?"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். விடங்கன் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் சுவர் தரைமட்டமானது. முதல் ஆளாகக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் விடங்கன்தான்.