கந்தவனத்தின் தபால் தட்டு

முப்பது வருஷம் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு, ஐம்பத்தெட்டாம் வயதில் லூர்தம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்தார் வேதமூர்த்தி. அம்மாள் முக்கரை வணிகக் கூட்டின் காரியதரிசி. வேலையை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒப்படைக்கும் முன் ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை.

நாகப்பட்டினத்தில் ஒரு கடை, பினாங்கில் ஒரு கடை, பருத்தித்துறையில் ஒரு கடை. மூன்று நாடு, மூன்று சட்டம். மூன்றும் சேர்ந்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியும் ஒரு முத்திரையும் வைத்துக்கொண்டிருந்தன. வியாபாரம் அவரவருடையது. கூட்டுக்கென்று தனி லாபம் கிடையாது. ஆனால் கூட்டின் பேரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மூவரும் பொறுப்பு. விதியை மாற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும்.

பருத்தித்துறைக் கடை முதலாளி கந்தவனம் கடைசியாக வந்து போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள். கிட்டங்கியை ஐஸ் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிட மற்ற இருவருக்கும் ஆசை; அதற்கும் மூவர் சம்மதம் வேண்டும்.

வேதமூர்த்தி ஒரு தாளை நீட்டினார்.

"நாளைக் கூட்டத்துக்கும்மா. ஒரு வருஷம் வராதவர் உறுப்பினர் இல்லைன்னு புது விதி."

"கந்தவனம் சம்மதிச்சாரா?"

"மூணு முறை அறிவிப்புக் கொடுத்தும் பதில் வரலைன்னா சம்மதம்னு பழைய விதியே இருக்கு. மூணும் கொடுத்தாச்சு."

அம்மாள் தாளைப் படித்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க வக்கீல் சார்."

வேதமூர்த்திக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை.

"வராத ஆளை எத்தனை நாள் சுமக்கிறதும்மா?"

அம்மாள் ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தார்.

"அதுலதான் உக்காருவார். மாசம் ரெண்டு தடவை வருவார். ஓலையில முடைஞ்ச குட்டான்ல பனங்கட்டி, வாயில சுருட்டு. வந்ததும் சண்டை. மழை பெய்ஞ்சா இன்னும் அந்த நாற்காலியில சுருட்டு வாசம் அடிக்குது."

வேதமூர்த்தியும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"புயல் வருஷம் நாகப்பட்டினம் கடை இடிஞ்சு போச்சு. முதலாளி ஆறு மாசம் இந்தப் பக்கமே வரலை. அவரைக் கூட்டுலேருந்து எடுத்துடணும்னு தீர்மானம் கொண்டு வந்தது யாரு தெரியுமா? கந்தவனம்."

"அப்புறம்?"

"அப்ப ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்துல கிடையாது. ஒருத்தரை எடுக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றவர், எடுக்கப்படுறவரோட நாற்காலியில தானே உக்காந்து அவருக்காகப் பேசணும். கந்தவனம் ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடிச்சுத் தன் தாளைத் தானே கிழிச்சார். அன்னைக்கு வஞ்சிரக் குழம்பு. சாப்பிடாமலே போயிட்டார்."

"ஏனாம்?"

"'இந்தக் கதிரையில மூட்டைப்பூச்சி கிடக்குது பிள்ளை'ன்னார், நாற்காலியைக் காட்டி. அவ்வளவுதான்."

வேதமூர்த்தி சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியை முந்தானையால் துடைத்தார்.

"நாளைக்கு நீங்கதான் உக்காரணும். இப்பவே பழகிக்குங்க."

வேதமூர்த்தி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிந்தது. கயிறு கட்டாத தூண்கள் வரிசையாக நின்றன.

"வக்கீல் உங்களுக்கு மூணு கடிதம் போட்டாராமே, கந்தவனம்?" என்று அம்மாள் அவரையே கேட்டார்.

"எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லையே பிள்ளை!" என்றார் வேதமூர்த்தி, கந்தவனத்தின் குரலில்.

"பேச்சு நல்லாவே வருது."

வேதமூர்த்தி தன் குரலுக்குத் திரும்பினார். "ஆனா அப்படி அவர் சொல்ல முடியாதும்மா. விதிப்படி உறுப்பினர் விலாசம் இந்த ஆபீஸ்தான். இங்க வந்தாலே அவருக்குச் சேர்ந்ததாகத்தான் அர்த்தம்."

"அந்த விதி ஏன் வந்தது தெரியுமா? அவர் வந்ததும் தபால் தட்டுலதான் முதல்ல கை வைப்பார். பருத்தித்துறைக்குத் தபால் போய்ச் சேர்றதுக்குள்ள ஆளே இங்க வந்துடுவார். விலாசம் இதுவே இருக்கட்டும்னு அவரே கேட்டு எழுத வச்சார்."

வேதமூர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"உங்க கடிதம் எங்க சேர்ந்தது?"

சுவரில் மரத் தட்டு இருந்தது. மூன்று அறை. கந்தவனத்தின் அறை, அந்த நாற்காலியில் இருந்தபடியே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருந்தது. வேதமூர்த்தி கை நீட்டினார். மூன்று உறைகள். மூன்றிலும் அவருடைய கையெழுத்து. மேலே இருந்ததில் கொஞ்சம் தூசி, அடியில் இருந்ததில் பல்லி முட்டை ஓடு.

மூன்றையும் மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"சட்டப்படி..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார்.

அம்மாள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"சட்டப்படி கிடைச்சாச்சு. பதில் எழுதுங்க, கந்தவனம்."