மாராயி வீட்டுல எது சேவல்?

ஒரு ஊர்ல ஒரு மாராயி இருந்தாளாம். ஒண்டிக்கட்டை. நாச்சம்மான்னு ஒருத்தி வீட்டுல, பின்பக்கம் ஒத்தை ரூம்புல வாடகைக்குக் குடியிருந்தா. "ம்"னு சொல்லு கண்ணு. சொல்லலைன்னா நான் பாட்டுக்குச் சுவத்துக்குக் கதை சொல்லிட்டு இருப்பேன்.

ஒருநாள் களையெடுத்துட்டு வர்றா, வழியில புளியமரத்தடியில ஒரு அட்டைப்பெட்டி. உள்ள "கீச்சு கீச்சு"ன்னு சத்தம். எட்டிப் பாத்தா மூணு கோழிக்குஞ்சு. வெள்ளை ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, செவலை ஒண்ணு. எந்தப் படுபாவி விட்டுட்டுப் போனானோ. மாராயிக்கு மனசு கேக்கல, மடியில கட்டிக்கிட்டு வந்துட்டா.

அப்போ நாச்சம்மா வாசல்ல நின்னா. "பொட்டைன்னா வளத்துக்க. சேவல்னா என் வீட்டுல ஆகாது, விடியக்காலம் கத்தித் தொலைக்கும். கருப்பண்ணசாமிக்கு நான் ஒரு சேவல் நேந்திருக்கேன். கோயில் நோம்பிக்கு அதை அறுத்துருவேன்"னா.

"சரிங்கக்கா"ன்னா மாராயி. ஆனா எது சேவல், எது பொட்டை? மூணும் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கு. அதுல அந்த வெள்ளைக்குஞ்சு இருக்கே, அது அவ கழுத்தோரமாத்தான் வந்து தூங்கும். ஐயோ, இது மட்டும் சேவலா இருந்துறக்கூடாதேன்னு அவ வேண்டிக்குவா. ம்?

அப்புறம் எதிர்வீட்டுச் செங்கோடன் மாமாகிட்டப் போனா. அவரு, "காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கு. தலைய நிமுத்துனா சேவல்"னாரு. தூக்கினா, மூணும் நிமுத்துச்சு. சரி, மூணும் சேவல். மாராயி அழுதுட்டா.

அப்புறம் தண்ணிக்குழாய்கிட்ட ஒருத்தி சொன்னா, "நூல்ல மோதிரத்தைக் கட்டி முதுகுக்கு மேல புடி. வட்டமாச் சுத்துனா பொட்டை." புடிச்சா, காத்து விசுவிசுன்னு அடிக்குது, மோதிரம் மூணுக்கும் வட்டமாச் சுத்துது. சரி, மூணும் பொட்டை. மாராயி சிரிச்சுட்டா.

அப்புறம் சந்தையில கோழி விக்கிறவன் றெக்கையை விரிச்சு விரிச்சுப் பாத்தான். "வெள்ளை சேவல், மத்தது ரெண்டும் பொட்டை"ன்னுட்டான். மாராயிக்குத் தலையே சுத்திப் போச்சு. "வாடா"ன்னு கூப்புடறதா, "வாடி"ன்னு கூப்புடறதா? கடைசியில "வாங்க, சாப்புடுங்க"ன்னு கூப்புட ஆரம்பிச்சுட்டா. தெருவே சிரிச்சுது.

அப்புறம் மூணும் வளந்துச்சு. வெள்ளைக்கு நல்லாச் சிவப்பா, பெருசா, ஒரு பக்கம் சாஞ்சாப்புல கொண்டை. மத்ததுக்கு மொச்சைக்கொட்டை அளவுகூட இல்ல. ஊர்க்கோழியவே பாத்த சனத்துக்குப் பெரிய கொண்டைன்னா சேவல்தான். பண்ணைக்கோழி வகையில பொட்டைக்கும் அப்படி வரும்னு அங்க யாருக்குத் தெரியும்?

நோம்பி வந்துச்சு. நாச்சம்மா வந்து வெள்ளையை வெடுக்குன்னு தூக்கிட்டா. "இது சேவல்னு உறுதியாங்கக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே மாராயி பின்னாலயே ஓடுறா, கண்ணுல தண்ணி நிக்கல.

கோயில்ல என்ன வழக்கம்னா, தலையில தண்ணி தெளிப்பாங்க. உடம்பைச் சிலுத்துக்கிட்டாத்தான் அறுக்கறதுக்குச் சாமி உத்தரவு. பூசாரி ஒருதடவை தெளிச்சாரு, சளக். சிலுக்கல. ரெண்டாந்தடவை, சளக். கண்ணை மூடிக்கிச்சு. மூணாந்தடவை சளக்குன்னு தெளிச்சாரு பாரு, அது பாட்டுக்கு உக்காந்துக்கிச்சு. அப்புறம் "கொக் கொக் கொக்"குன்னு எந்திரிச்சா, கீழ ஒரு முட்டை.

பூசாரி முழிச்சாரு. "என்னம்மா, சேவல் நேந்துட்டுப் பொட்டையக் கொண்டாந்திருக்க? போய் மாத்திக் கொண்டா"ன்னாரு. ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. மாராயி வெள்ளையை அள்ளி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

நாச்சம்மா விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தா, மாராயியும் கூடவே வந்தா. கதவைத் திறக்கையில வீட்டுக்குப் பின்னாலயிருந்து "கொக்கரக்கோஓஓ". ஓடிப்போய்ப் பாத்தா, கறுப்பும் செவலையும் சுவத்து மேல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரிப் பாக்குதுங்க.

"எதுடி கத்துச்சு?"

"தெரியலைங்கக்கா."

நாச்சம்மா கறுப்பைத் தூக்கினா, இறக்கி விட்டா. செவலையைத் தூக்கினா, இறக்கி விட்டா. "இதுவும் அங்க போய் முட்டை போட்டுட்டா நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்? உனக்கு நெசமாலுமே தெரியாதா?"

"நீங்க பாத்தீங்க, பூசாரி பாத்தாரு, சாமியும் பாத்துது. யாருக்கும் தெரியல. எனக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

நாச்சம்மா நேரா சந்தைக்குப் போய், ஊரறியக் கூவுற கிழட்டுச் சேவலா ஒண்ணு வாங்கிச் சாமிக்குக் குடுத்துட்டா. அன்னையிலிருந்து விடியக்காலம் "கொக்கரக்கோ" கேக்கும். "எதுடி அது?"ன்னு நாச்சம்மா உள்ளயிருந்து கத்துவா. மாராயி, மூணு உசுரும் இருக்குதுல்ல, அது போதும்னு வெள்ளையைத் தடவிக் குடுத்துட்டுப் புரண்டு படுத்துக்குவா.

எது சேவல்னா கேக்கற? எனக்கும் தெரியாது, போ. கதை கூண்டுக்குள்ள அடைஞ்சிருச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.