உருமாறியைச் சரிசமமாக்கிய நால்வர்

கீழமுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் இசக்கியப்பன் வாரத்தில் ஆறு நாள் மனுஷன். ஞாயிற்றுக்கிழமையானால் கரடி. சில ஞாயிறு கழுகு. வழியில் ஆறு குறுக்கிட்டால் முதலை.

வியாதி என்று பயப்பட வேண்டாம், விளையாட்டுத்தான். ஜெராக்ஸ் கடை அந்தோணிசாமியின் மாடியில் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். அந்தோணிசாமி கதை நடத்துவார்: இதோ காடு, இதோ பாழடைந்த கோட்டை, இதோ பூதம். பூதமாகப் பேசுவதும் அவர்தான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வேஷம். தையல்கடை தங்கபுஷ்பம் அக்கா போர்வீராங்கனை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவும் பிச்சுமணி மந்திரவாதி. இசக்கி, நினைத்த மிருகமாக மாறக்கூடிய உருமாறி. செய்யப்போவதை வாயால் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் சொன்னது நடந்துவிட்டது என்று அர்த்தம். சின்ன எண் விழுந்தால் உதை.

அப்போது ஆட்டத்தில் ஒரு டிராகன், ராஜகுமாரியைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருந்தது. மூவரும் அவளை மீட்கப் புறப்பட்டிருந்தார்கள். வழியில் பூதம் வந்தது, இசக்கி கரடியானான். அகழி வந்தது, முதலையானான். பூட்டிய கதவு வந்தது. எறும்பாகிச் சாவித்துவாரம் வழியே போய் உள்பக்கத் தாழ்ப்பாளை, மறுபடி கரடியாகி, திறந்தான்.

"வாளை உறையை விட்டு எடுத்தே மாசக்கணக்காச்சு," என்றாள் தங்கபுஷ்பம்.

"உங்க பாடு தேவலைக்கா. நான் மந்திரவாதி. இவன் கரடியா மாறும்போது இவன் செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்," என்றான் பிச்சுமணி.

"இன்னைக்குள்ள சரிசமம் ஆகலேன்னா இசக்கி வேற ஆட்டம் பாத்துக்கிடட்டும்," என்று அக்கா முடித்துவிட்டாள்.

இசக்கியிடம் கடையில் நாள் முழுக்க "ஏப்பா, அந்த அண்டாவை இறக்கு" என்பார்கள். இந்த மாடியில்தான் அவனைக் கண்டு பூதங்கள் நடுங்கின. ஞாயிற்றுக்கிழமையும் மனுஷனாகவே இருப்பதென்றால் எப்படி?

தங்கபுஷ்பத்தின் சித்தி மகன் ஞானதுரை பெங்களூரில் இந்த ஆட்டத்தை வருஷக்கணக்கில் ஆடுகிறவன். அவனுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேசை நடுவே வைத்தார்கள்.

"அக்கா, ஆட்டம் ஒரு பக்கமா சாயுது. முதல்ல அந்தச் சாய்வைச் சரி பண்ணுங்க," என்றான் ஞானதுரை.

அந்தோணிசாமி பகடையை மேசை நடுவில் வைத்தார். அது தானாக உருண்டு இசக்கி பக்கம் போய் நின்றது.

"பெங்களூர்ல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டானே!" என்றான் பிச்சுமணி.

இசக்கி பக்கத்து மேசைக்காலுக்கு அடியில் ஒரு கட்டு ஜெராக்ஸ் பேப்பர் வைத்தார்கள். மேசை பிச்சுமணி பக்கம் சாய்ந்தது. அங்கே ஒரு கட்டு. இப்போது அக்கா பக்கம். இப்படியே வைத்து வைத்து மேசை எல்லாருடைய மோவாய்க்கும் வந்துவிட்டது. சாய்வு போய்விட்டதென்று சந்தோஷமாக நின்றுகொண்டே ஆடினார்கள். வந்த பூதத்தைக் கரடி அடித்துக் கொன்றது.

மறுபடி போன். "உருமாறியோட பலத்தைக் குறைங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"கரடிக்கு எதுல இருந்து பலம் வருது?" என்று யோசித்தார் அந்தோணிசாமி.

"தேன்ல," என்றான் பிச்சுமணி.

"இசக்கி, நீ தேன் சாப்பிடுவியாடே?"

"இல்லண்ணாச்சி. புரோட்டா."

"அப்ப புரோட்டாவை நிறுத்து."

நண்பர்களுக்காக இசக்கி சம்மதித்தான். மத்தியானம் மற்ற மூவரும் சால்னா ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆட்டம் தொடங்கியபோது அவனுக்குக் கண்ணை இருட்டியது. எதிரே ஒரு பூதப்படை. "கரடி," என்றான், வேறெதுவும் சொல்லத் தெம்பில்லாமல்.

அந்தோணிசாமி நேர்மையான மனுஷர். "பசிச்ச கரடிக்கு ஆவேசம் ரெண்டு பங்குல்லா," என்று பகடை எண்ணை இரண்டால் பெருக்கினார். பூதப்படை மொத்தமும் காலி.

"ஐயையோ, இவனுக்குச் சாப்பாடு கொடுங்க!" என்று அலறினாள் அக்கா. பிச்சுமணி ஓடிப்போய்ப் புரோட்டா வாங்கி வந்தான். கரடியின் பலம் குறையும்வரை ஊட்டினார்கள்.

மூன்றாவது தடவை ஞானதுரையின் குரலில் ஒரு களைப்பு தெரிந்தது. "அவன் தனியா முன்னால ஓடுறதுதான் தப்பு. எங்க போனாலும் உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகணும்னு சொல்லுங்க. போனை வைக்கட்டுமா?"

அப்படியே செய்தார்கள். இசக்கி யானையானான். போர்வீராங்கனையும் மந்திரவாதியும் முதுகில் ஏறினார்கள். முதல்முறையாக மூவரும் ஒன்றாகக் கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்தச் சுவரில் வாசலே இல்லை. இருந்தது ஒரு எலிப்பொந்து.

"நான் எலியா மாறுதேன்," என்றான் இசக்கி.

அந்தோணிசாமி விதிப் புத்தகத்தைப் புரட்டி உரக்கப் படித்தார்: "'உருமாறும்போது உருமாறி சுமந்துகொண்டிருப்பவை எல்லாம் அவன் உடலோடு கலந்துவிடும்.'"

சட்டை, பை, செருப்பு பற்றி எழுதிய விதி அது. புத்தகம் அதை விளக்கிச் சொல்லவில்லை.

"அப்ப நாங்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

"கலந்துட்டீங்க."

பிச்சுமணி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இப்ப இதுல நான் எவ்வளவு எலி?"

"மூணுல ஒரு பங்கு."

"நீங்க?"

"அதேதான்."

"இசக்கி?"

"அவனும்தான்." சொல்லும்போதே அக்காவின் முகம் மலர்ந்தது. "ஏ, சரிசமமாயிட்டோம்டே!"

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. மூவரும் ஆளுக்கொரு விரல் வைத்துப் பகடையை உருட்டினார்கள். எலி பொந்துக்குள் போனது. உள்ளே டிராகன்.

ஆனால் அந்தோணிசாமி ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. "நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு எலி. நான் ஒத்தையா அம்மாம் பெரிய டிராகன். இது மட்டும் சரிசமமா?"

நியாயமான கேள்வி. மூவருக்கும் சங்கடமாகப் போயிற்று.

"அண்ணாச்சியையும் தூக்கிக்கிடுவோம்," என்றான் இசக்கி.

பகடை உருண்டது. இருப்பதிலேயே பெரிய எண். எலி டிராகனைத் தூக்கிவிட்டது. கலப்பதற்கு உருமாற வேண்டுமே என்று பிச்சுமணி நினைவூட்டியதால், எலி உடனே இன்னொரு எலியாக மாறியது. டிராகனும் உள்ளே போயிற்று. அந்தோணிசாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர்கள் பக்கம் உட்கார்ந்தார்.

டிராகன் தொலைந்ததைக் கண்டு ராஜகுமாரி படியிறங்கி வந்தாள். இறங்கி வந்தவள் அலறினாள். அந்தோணிசாமி குரலை மெலிசாக்கிக்கொண்டு கத்தினார்: "ஐயோ, எலி! எலி! யாராவது காப்பாத்துங்களேன்!"

நாலு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா, நாங்க வந்துட்டோம்!" என்றான் இசக்கி. "எலி எந்தப் பக்கம் போச்சு?"

"இங்கதான், என் காலடியில!"

"காலடியில நாமல்லா நிக்கோம்," என்றாள் தங்கபுஷ்பம்.

"அப்ப நமக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு," என்றார் அந்தோணிசாமி.

சட்டென்று திரும்பினார்கள். பின்னால் எலி இல்லை. மறுபடி திரும்பினார்கள். அங்கேயும் இல்லை. இவர்கள் திரும்பத் திரும்ப ராஜகுமாரியின் அலறல்தான் கூடியது.

"ஓட்டமான எலியா இருக்கு. ஆனா இவ கத்துறதைப் பாத்தா பக்கத்துலதான் இருக்கணும்," என்றான் பிச்சுமணி.

அது பிடிபடும்வரை அவளைத் தனியே விடக்கூடாது என்று நாலு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அதன்படி, அவள் கோபுரம் முழுக்க ஓட ஓட, ஓரடிகூட விலகாமல் பின்னாலேயே போய் எலியிடமிருந்து அவளைக் காத்தார்கள்.