களாச்செடிக்கு அந்தப் பக்கம்

ஒரு ஊர்ல ஒரு மாராயி இருந்தா. மலையடிவாரத்துல கேப்பையும் தெனையும் வெதைக்கிற சின்ன ஊரு. அவ புருசனோட அண்ணன் பொண்டாட்டி பாவாயி. ரெண்டு பேரும் அப்படி ஒரு சிநேகம். ஆனா கொஞ்ச நாளா பேச்சுவார்த்தை இல்ல. ஏன்னு கேளு. பாவாயி வளக்குற கோழி போயி மாராயியோட கேப்பை நாத்தையெல்லாம் பர்ரு பர்ருன்னு கிளறிப் போட்டுருச்சு. மாராயிக்கு வந்துச்சே கோவம்! "கோழிய வளத்தவளுக்கும் கோழி புத்திதானே"ன்னு வாய விட்டுட்டா. அன்னையிலருந்து அவ மூஞ்சிய இவ பாக்குறதில்ல. ம் கொட்டு... ஆங்.

அப்புறம் ஆனி மாசம், நல்ல மழை. மலைச்சரிவுல களாப்பழம் கருகருன்னு பழுத்துருச்சு. விட்டா குருவி தின்னுரும்னு ஊரே கூடையத் தூக்கிட்டுக் கெளம்புச்சு. மாராயி தன் கைப்புள்ளைய வேங்கை மரத்துல தூளி கட்டித் தூங்க வச்சுட்டு, பக்கத்துலயே பறிக்க ஆரம்பிச்சா. பொட்டு, பொட்டுன்னு கூடையில பழம் விழுது. பறிச்சுக்கிட்டே செடியச் சுத்தி இந்தப் பக்கம் வந்துட்டா.

அப்போ செடிக்கு அந்தப் பக்கம் சலசலன்னு சத்தம். யாரோ மொச்சு மொச்சுன்னு பழம் திங்கிறாங்க. பாவாயியும் கூடையோட மலைக்கு வந்தத முன்னாடியே பாத்திருந்தா இவ. 'அக்காதான்'னு நெனச்சுக்கிட்டா.

"அக்கா, அங்க பழம் நெறைய இருக்கா?"

மொச்சு மொச்சு.

"கோவம் இன்னும் தீரலயாக்கா?"

"உஃப்ப்ப்"னு ஒரு பெருமூச்சு.

மாராயி இன்னும் கிட்டப் போனா. "நான் சொன்னது தப்புதான்க்கா. நாத்து போனா மொளைக்கும். நீ பேசாம இருக்கிறதத்தான் தாங்க முடியல"ன்னு சொல்லி, முள்ள வெலக்கி ஒரு கை பழத்த நீட்டுனா.

நீட்டுனா... அந்தப் பக்கம் கருகருன்னு மயிரு, நீள நீள நகம். கரடி!

பயப்படாத, கிட்ட வா. ம்?

மாராயி வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டா. அந்நேரம் பாத்து தூளியில புள்ள "ங்ங்ஆ"ன்னு அழுதுச்சு. கரடி திரும்பிப் பாத்துச்சு. மரத்துக்கும் மாராயிக்கும் நடுவுல நிக்குது அது! அவ கூடையோட பழத்தத் தூக்கி அது முன்னாடி கொட்டுனா. மோந்து பாத்துச்சு, நாலு வாய் தின்னுச்சு. புள்ள மறுபடியும் அழுதுச்சு. கரடி தின்னத விட்டுட்டு, தூளியப் பாத்து ஒரு எட்டு வச்சுது. மாராயி முள்ளுன்னும் பாக்காம செடிக்குள்ள பாஞ்சா. சேலை மாட்டிக்கிச்சு. இழுக்குறா, வரல!

அப்போ... டங்! டங்! டங்!

கீழயிருந்து பாவாயி ஓடி வர்றா. சோறு கொண்டாந்த போசிப் பாத்திரத்த அருவாளால அடிக்கிறா. "ஏய்! ஓடு! ஏஏய்!"னு கத்துற கத்துல மலையே அதிருது. கரடி மெரண்டு போயி, தடதடதடன்னு மேல ஏறி ஓடியே போச்சு.

பாவாயி முதல்ல புள்ளையத்தான் அள்ளுனா. ஒரு கீறல் இல்ல. அவ மூக்குத்தியப் புடிச்சு இழுத்துக்கிட்டு சிரிக்குது புள்ள! மாராயி சேலையக் கிழிச்சுக்கிட்டு ஓடி வந்து ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. அழுது அழுது, அப்புறம்தான் அவளுக்கு மூச்சே சீரா வந்துச்சு.

பாவாயி அவ கையில தச்ச முள்ள ஒவ்வொண்ணா எடுத்தா. "ஏண்டி, என்னமோ பேசிட்டிருந்தியே, யாருகிட்ட?"

"உங்கிட்டதான்க்கா."

"நான் கீழல்ல இருந்தேன்!"

"அப்போ... கரடிகிட்டயா மன்னிப்பு கேட்டேன்?"

பாவாயி சிரிச்சா பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. "கரடிக்குச் சொன்னத எனக்கும் ஒருக்காச் சொல்லேன்டி"ன்னா. மாராயியும் சொன்னா.

கரடி மலைக்குப் போயிருச்சு. புள்ள தூங்கிருச்சு. கதையும் கண்ண மூடிக்கிச்சு. நீயும் மூடிக்கோ, தங்கம்.