ஒச்சாயி கிடாய்க்குப் பிடித்த இங்கிலீஷ்

ஒச்சாயி உப்பும் தவிடும் பிசைந்து ஊட்டி வளர்த்த ஒற்றைக் கிடாய், பண்ணையார் திருமேனியின் கண்ணை உறுத்தியது.

"நாளைக்குத் திருவிழாவுல உன் கிடாயை இம்மோலேட் பண்ணப்போறேன்" என்றார்.

"அப்படின்னா என்னங்கய்யா?"

கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பலி கொடுக்கிறதுக்கு இங்கிலீஷ். அந்தக் காலத்து ரோமாபுரியில, வெட்டுறதுக்கு முந்தி தலையில உப்பு மாவைத் தூவுவாங்க. அதுல இருந்துதான் அந்த வார்த்தையே வந்துச்சு."

"நம்ம ஊர்ல மஞ்சத்தண்ணி தெளிப்போம். கிடாய் உடம்பைச் சிலுப்பினாத்தான் சாமி உத்தரவு. படிச்ச நீங்க எங்களை மாதிரி தண்ணியா தெளிப்பீக? மாவையே தூவுங்க, நானே கொண்டாறேன்."

பண்ணையார் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் ஊர் முழுக்கப் பார்த்திருக்க, ஒச்சாயி கொண்டுவந்த உப்பு மாவைக் கிடாயின் தலையில் தூவினார். மூக்கில் வழிந்ததைக் கிடாய் நக்கியது. இரண்டாம் கை மாவுக்கு வாலை ஆட்டியது. மூன்றாம் கைக்கு அவர் விரல்களையே நக்கியது. சிலுப்பவே இல்லை.

"மூணு தரம் கேட்டாச்சு. உத்தரவு இல்லை" என்று பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார்.

ஒச்சாயி கயிற்றை வாங்கிக்கொண்டாள். "உங்க இங்கிலீஷு கிடாய்க்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்கய்யா. சாகத்தான் சம்மதிக்கல."