சிங்காரவேலுவின் துப்பாக்கி

மலைக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. புதுசாக எதை வாங்கினாலும் நாலு பேரிடம் காட்டியாக வேண்டும். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித்தோட்டம் வைத்திருக்கும் வெள்ளைச்சாமியும் அப்படித்தான். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் லைசென்ஸ் எடுத்து, பக்கத்துத் தோட்டத்துச் சிங்காரவேலுவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கினார். சும்மா இருக்க முடியுமா? டீக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அதுதான் வினையாகப் போயிற்று.

துப்பாக்கியின் பக்கவாட்டு இரும்பில் சிங்காரவேலு கொட்டை எழுத்தில் வெட்டி வைத்திருந்தார்.

"இது சிங்காரவேலுவின் துப்பாக்கி. தொடாதே."

கடையில் இருந்தவர்கள் விடுவார்களா?

"ஏம்ப்பா வெள்ளைச்சாமி, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானே எடுத்துட்டு வந்தே?"

"பாத்துய்யா, பன்னிக்கும் படிக்கத் தெரிஞ்சிருக்கப் போகுது!"

மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூன்று நாள் வீட்டிலேயே கிடந்து ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார். நாலாம் நாள் காலையில் மனைவி பொன்னுத்தாயையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டில் எங்கள் பட்டறைக்கு வந்து நின்றார்.

பட்டறை ஜுலைகாம்மாவுடையது. துப்பாக்கிப் பழுது பார்ப்பது தொழில். நான் அங்கே கட்டை வேலை செய்கிறவன். பின்கட்டை உடைந்து வந்தால் புதுசாகச் செதுக்கிப் பொருத்துவேன். துப்பாக்கி வாங்குகிற மலைக்காரர்கள் முதலில் ஜுலைகாம்மாவிடம் வந்துதான் பிடிக்க, சுட, துடைக்கப் படித்துக்கொள்வார்கள். வெள்ளைச்சாமிக்கு வயசு ஐம்பத்தாறு. ஜுலைகாம்மாவுக்கு நாற்பதுகூட இல்லை. ஆனாலும் துப்பாக்கி வாங்கும் முன்னால் மூன்று மாசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கைகட்டி நின்று படித்தார். வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அந்த விஷயத்தில் ஆள் தங்கம்.

அன்றைக்கு மட்டும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. துப்பாக்கியை மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"வாத்தியாரம்மா, ஒரே ஒரு கேள்வி. அடுத்தவன் பேரை எப்படி அழிக்கிறது?"

நான் எட்டிப் பார்த்துப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளைச்சாமி என்னை முறைத்தார்.

ஜுலைகாம்மா எழுத்தைப் படிக்கவில்லை. வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன செஞ்சு பாத்தீங்க அண்ணே?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். ம்ஹூம். அப்புறம் அரம் போட்டு ராவினேன். 'தொடாதே' மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கு. பேரு அசைய மாட்டேங்குது. எமகாதகன், என்ன ஆழத்துக்கு வெட்டியிருக்கான் பாருங்க!"

"பக்கத்துல நம்பர் இருக்குமே?"

"அதைத் தொடுவேனா? நம்பரை அழிச்சா ஜெயிலாச்சே. மேலே டேப் ஒட்டிட்டுல்ல வேலையில உக்காந்தேன். நீங்க சொல்லிக் குடுத்த ஆளு, அவ்வளவு அஜாக்கிரதையாவா இருப்பேன்?"

"எங்க வச்சுத் தேச்சீங்க?"

அவர் பதில் சொல்லும் முன்னால் பொன்னுத்தாய் முந்திக்கொண்டார்.

"அந்தக் கொடுமையை ஏன் தாயி கேக்குற. இவரு மடியில வச்சுத் தேச்சாரு. அது வழுக்கிக்கிட்டு ஓடுது. 'ஆடுது, ஆடுது, ஒழுங்காப் பிடிடி'ன்னு என்னையப் போட்டுக் கத்துறாரு. நான் எதிர்ல உக்காந்து, குழாய் நுனியை வயித்துல முட்டுக் குடுத்து, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு நாளா ரெண்டு நாளா? மூணு நாளு! வயிறே கன்னிப்போச்சு, போ."

சேலைக்கு மேலேயே தொப்புளுக்குப் பக்கத்தில் தடவிக் காட்டினார்.

ஜுலைகாம்மா எழுந்தார். துப்பாக்கியை எடுத்துக் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பூட்டைத் தள்ளி, நடுவில் மடக்கித் திறந்தார்.

இதை நான் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி கைமாறினால் மடக்கித் திறந்துதான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்து "காலி" என்று வாய்விட்டுச் சொல்வார். வாங்குகிறவரும் விரலை விட்டுப் பார்த்து "காலி" என்பார். ஒரே துப்பாக்கி ஒரு நாளில் பத்துத் தடவை கைமாறினாலும் பத்துத் தடவையும் சொல்ல வேண்டும். வெள்ளைச்சாமி மூன்று மாசம் சொன்னவர்தான். இருபது வருஷமாகச் சொல்கிறவன் நான். மேசைமேல் மடக்காத துப்பாக்கி கிடக்க, எழுத்தைப் படித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

ஜுலைகாம்மா வலது குழலில் விரலை விட்டார்.

"காலி."

இடது குழலில் விடவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மெதுவாக இழுத்து வெளியே எடுத்தார்.

சிவப்புத் தோட்டா. மேலே அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. பின்பக்கத்துப் பித்தளையின் நடுவில் ஊசி குத்திய தடமே இல்லை. வெடிக்காத தோட்டா.

என் கையிலிருந்த உளி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது.

பொன்னுத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. தோட்டாவைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். அப்புறம் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா!" என்றார். "அடப்பாவி மனுஷா! நான் இறுக்கிப் பிடிச்சேனே. இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்குன்னியே!"

வெள்ளைச்சாமிக்கு உதடு வெளுத்துப்போயிற்று. மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து பொன்னுத்தாயிடம் கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கவே இல்லை.

அப்புறம் வெள்ளைச்சாமி போட்ட சத்தத்தில் பட்டறையே அதிர்ந்தது.

"கொலைகாரப் பய! தோட்டாவைப் போட்டு வச்சு என் தலையில கட்டியிருக்கானே, அந்தச் சிங்காரவேலு! என் குடும்பத்தையே அழிக்கப் பாத்திருக்கான் வாத்தியாரம்மா! வித்த காகிதம் எழுதிக் குடுத்தவன் பாக்கலை, அவன் தோட்டத்துலேருந்து கொண்டாந்து குடுத்தவன் பாக்கலை. ஒரு பயலுக்கும் கண்ணு இல்லையா? இப்பவே போறேன். அவன் சட்டையைப் பிடிச்சு நாலு அறை விடலைன்னா நான் வெள்ளைச்சாமி இல்லை!"

வாசலை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டார்.

"அண்ணே" என்றார் ஜுலைகாம்மா.

நின்றார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார். ஜுலைகாம்மா தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தார். அதைத் தொட்டதும் அவர் தோள் ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"சிங்காரவேலு பேரு இதுல இருக்கான்னு பாருங்க."

வெள்ளைச்சாமி தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"இல்லீங்க."

தரையில் பொன்னுத்தாய் இன்னும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜுலைகாம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"அப்போ இந்த மூணு நாளும் இது யாரோட தோட்டா அண்ணே?"