எண்ணெய் நாட்டில் ஒரு விருந்து

முன்னொரு காலத்தில், மழை வழிதவறியும் எட்டிப் பார்க்காத ஒரு பாலை நாட்டில் எண்ணெய் ஊற்றெடுத்தது. மக்கள் பேரீச்சந்தோப்புகளை வெட்டிவிட்டுக் கிணறு தோண்டினார்கள். எண்ணெயை விற்று அரிசி, துணி, குடிதண்ணீர் எல்லாம் வாங்கினார்கள். எரிந்த எண்ணெயின் புகையால் வெயில் ஆண்டுக்காண்டு ஏறியது.

அந்நாட்டு அரசவை விகடகவி சாத்தப்பர். விருந்து மண்டபப் பொறுப்பும் பரம்பரையாக அவர் குடும்பத்துக்கே உரியது. அங்கே பசியோடு எழுந்தவர் எவருமில்லை என்பது அவர் குலப்பெருமை. "எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம் அரசே, மறுபடி தோப்பு வைப்போம்" என்று அவர் ஓயாமல் சொல்வது எண்ணெய் மந்திரி ஆதித்தராயருக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அரசருக்கு ஓர் ஆசை வந்தது. "என் பிறந்தநாளில் அயல்நாட்டு அரசர்களுக்கு நம் நாட்டுப் பொருள்களை மட்டுமே படைக்க வேண்டும்."

"அருமையான எண்ணம், அரசே" என்றார் ஆதித்தராயர். "சாத்தப்பர் வெளியிலிருந்து ஒரு பருக்கை கொண்டுவந்தாலும் மண்டபப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

சாத்தப்பர் நிமிர்ந்த முதுகோடுதான் வீட்டுக்கு நடந்தார். முகம் மட்டும் வாடியிருந்தது. விஷயத்தைக் கேட்ட மனைவி செங்கமலம் சிரித்தாள்.

"நம்ம நாட்டுல எண்ணெய் இருக்கு, வெயில் இருக்கு. அதையே போடுங்களேன். கொல்லையில நான் பாத்திரம் கழுவுற தண்ணிய ஊத்தி வளர்த்த பேரீச்சமரமும் பழுத்திருக்கு. இத்தனை வருஷமா நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாத்தானே."

சாத்தப்பர் அவளைக் கைகூப்பி வணங்கினார்.

விருந்து நாளன்று அரசர்கள் மண்டபத்துக்கு வெளியே வெட்டவெளியில், சுடுமணலில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு மண்கிண்ணம் நிறையக் கரிய எண்ணெய்.

"பந்தல் எங்கே?" என்றார் அரசர்.

"துணி அயல்நாட்டது, அரசே."

"சோறு?"

"அதுவும். எண்ணெயும் வெயிலும் நம்முடையவை. கூச்சப்படாமல் சாப்பிடுங்கள். மந்திரியாரே, தங்கள் கிணற்றுச் சரக்கு, இன்னொரு கரண்டி விடட்டுமா?"

ஆதித்தராயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "விருந்தினர் பசியோடு எழுந்தால் இழுக்கு உமது குலத்துக்குத்தான், சாத்தப்பரே."

சாத்தப்பர் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் வைத்தார். "என் மனைவி வளர்த்தது. நாட்டில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு மரம்தான். ஆகவே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வராது. அரசே, கட்டளையைச் சற்றுத் தளர்த்தினால் அயல்நாட்டு அரிசியைப் பொங்கிவிடுவேன். இத்தனை காலம் நமக்குச் சோறு போட்ட அந்த உழவர்களுக்கு, அவர்களுடைய அரசர்கள் முன்னிலையிலேயே நன்றி சொல்லிச் சாப்பிடலாம்."

அரசர் பழத்தை மென்றார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பொங்குங்கள். மண்டபம் என்றும் உங்கள் குடும்பத்துக்கே. எண்ணெய் வருமானத்தில் பாதி இனித் தோப்புக்கும் கடற்கரையில் உப்பளத்துக்கும் போகட்டும், வெயிலுக்கும் ஒரு வேலை கிடைக்கும். இந்தப் பொற்சங்கிலி செங்கமலத்தம்மாளுக்கு."

"எனக்கு, அரசே?" என்றார் ஆதித்தராயர், ஈனசுரத்தில்.

"உமக்குக் கொட்டைகள். ஒன்று விடாமல் பொறுக்கி நடும்."